நரம்பு வலி: பொறுமையும் வேண்டும், சிகிச்சையும் வேண்டும்

 



பள்ளிவாசல்களில் நாற்காலிகள் கூடிக்கொண்டே போகின்றன. அதில் அமர்பவர்கள் எல்லோரும் வயோதிகர்கள் அல்ல. மூட்டை தூக்கியவர், பல மணி நேரம் வண்டி ஓட்டியவர் என நடுவயதுக்காரர்களும் இருக்கிறார்கள். இடுப்பில் தொடங்கிப் பாதம் வரை மின்சாரம் பாய்வது போன்ற வலி. காலில் செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாத அளவுக்கு மரத்துப்போகிறது. டாக்டர் ஆபரேஷன் என்கிறார். வீட்டாரோ, முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்று பயமுறுத்துகிறார்கள். இன்னொருவர், தவக்குல் வைத்துவிட்டு விட்டுவிடுங்கள் என்கிறார். மார்க்கம் இதில் என்ன சொல்கிறது?

நபிக்கும் வந்த நோய்

இந்த நோய்க்கு அரபியில் ‘இர்குன் நஸா’ என்று பெயர். யஃகூப் (அலை) அவர்கள் ஓர் உணவைத் தம்மீது தாமே தடுத்துக்கொண்டதை ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 93வது வசனம் கூறுகிறது. அவர்களுக்கு இந்த நரம்பு வலி இருந்ததாகவும், அதனால் ஒட்டக இறைச்சியையும் பாலையும் விட்டதாகவும் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக அறிவிக்கப்படுகிறது. ஒரு நபியே அனுபவித்த வலி இது. எனவே நோயாளியைப் பார்த்து, என்ன பாவம் செய்தாயோ என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. முஃமினுக்கு முள் தைத்தாலும் அவருடைய பாவங்கள் அழிக்கப்படுகின்றன என்பது நபிமொழி (புகாரி). அப்படியென்றால் உறக்கமில்லாத இரவுகளுக்கு எவ்வளவு கூலி இருக்கும்!

கத்தி வைப்பது தவக்குலுக்கு எதிரானதா?

இல்லை. சிகிச்சை செய்யலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது, செய்யுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள் (அபூதாவூத், திர்மிதி). உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் நபியவர்களே ஒரு மருத்துவரை அனுப்பினார்கள். அவர் ஒரு ரத்தக் குழாயை அறுத்து, அந்த இடத்தில் சூடும் போட்டார் (முஸ்லிம்). இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்? அய்யூப் (அலை) அவர்களுக்கு ஷிஃபா கொடுத்தபோதுகூட, காலால் பூமியைத் தட்டும்படி கட்டளையிட்ட பிறகே அல்லாஹ் நீரூற்றைக் கொடுத்தான். அடியான் செய்ய வேண்டிய முயற்சி அங்கேயும் இருந்தது.

குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்) 30 பாகங்கள் கொண்ட ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் கடைசிப் பாகத்தை அறுவை சிகிச்சைக்கென்றே எழுதினார். அதில் கருவிகளின் படங்களையும் வரைந்து வைத்தார். இந்தக் கலையை வளர்த்த சமுதாயம் நாம். நாமே இதைக் கண்டு ஓடலாமா?

நபிவழி மருத்துவம் போதாதா?

இந்த வலிக்கு ஆட்டின் வால் கொழுப்பை உருக்கி மூன்று நாள் வெறும் வயிற்றில் அருந்தும்படி கூறும் ஹதீஸ் இப்னு மாஜாவில் இருக்கிறது. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் இது ஹிஜாஸ் பகுதியினரையும் அவர்களைப் போன்ற நிலையில் உள்ளவர்களையும் நோக்கிச் சொல்லப்பட்டது என்று இப்னுல் கையிம் (ரஹ்) ‘ஸாதுல் மஆத்’தில் விளக்குகிறார்கள். எல்லாருடைய வலிக்கும் காரணம் ஒன்றல்ல. முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தலாம். சர்க்கரை நோயால் இரண்டு பாதங்களும் மரத்துப்போகலாம்; அதற்கு முதுகில் ஆபரேஷன் செய்து பயனில்லை. மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டால் கைவிரல்கள் மரத்துப்போகும். எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மருத்துவம் அறியாமல் சிகிச்சை செய்பவரே பாதிப்புக்குப் பொறுப்பு என்றார்கள் நபியவர்கள் (அபூதாவூத்). முதுகில் ஏறி மிதிப்பவரிடம் போகும் முன் இதை யோசியுங்கள்.

ஜவ்வு பிதுங்கியவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மாத்திரை, உடற்பயிற்சியிலேயே குறைந்துவிடும். அதனால் அவசரப்படவும் வேண்டாம். வலி மாதக்கணக்கில் நீடித்தால், பாதத்தைத் தூக்க முடியாமல் போனால், தள்ளிப்போட வேண்டாம். தொடைகளுக்கு நடுவே மரத்துப்போய், சிறுநீர் கழிக்கவோ அடக்கவோ முடியவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தாமதித்தால் நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

ஆபரேஷனுக்குப் பின் கால் வலி பெரும்பாலும் சீக்கிரம் குறையும். மரத்துப்போன உணர்வு மெதுவாகவே திரும்பும். சேதமான நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. சிலருக்கு முழுமையாகத் திரும்பாமலும் இருக்கலாம். பொறுமைக்கு வேலை இங்கேதான். வலி தாங்காமல் மவ்த்தை ஆசைப்படுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

தொழுகையை விட்டுவிடாதீர்கள்

மூல நோயால் சிரமப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழுங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழுங்கள் என்றார்கள் நபியவர்கள் (புகாரி). குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னால் சைகையால் தொழலாம். ருகூவை விட ஸுஜூதுக்குச் சற்று அதிகமாகத் தலையைத் தாழ்த்த வேண்டும். மயக்க நிலையில் தவறிய தொழுகைக்கும், கட்டுப்போட்ட இடத்தின் வுழூவுக்கும் உரிய சட்டத்தை முன்கூட்டியே ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தலையில் காயம்பட்ட ஒருவருக்குத் தெரியாமல் குளிக்கச் சொல்லி, அவர் இறந்தே போனார். நபியவர்கள் மிகவும் கோபப்பட்டார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் என்றார்கள் (அபூதாவூத்).

நம்முடைய கடமை

முஃமின்கள் ஓர் உடலைப் போன்றவர்கள். ஓர் உறுப்பு நோவுற்றால் முழு உடலும் விழித்திருக்கும் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். ஓர் உறுப்பு வலிக்கும்போது மற்ற உறுப்புகளுக்குத் தெரியவில்லை என்றால் நரம்பு கெட்டுவிட்டது என்று பொருள். பக்கத்து வீட்டுக்காரர் ஆபரேஷனுக்குப் பணமில்லாமல் தவிப்பது நமக்குத் தெரியவில்லை என்றால் மரத்துப்போனது எது? நாற்காலியில் அமர்பவரைப் பார்த்து, இந்த வயதிலேயா என்று கேட்காதீர்கள். அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அவருக்கு உதவி கிடைக்குமா என்று விசாரித்துக் கொடுங்கள். ஜகாத் பெறத் தகுதியானவராக இருந்தால் கொடுங்கள். அவர் படுத்திருக்கும் ஒரு மாதம் அவர் வீட்டு அடுப்பு எரிய வழி செய்யுங்கள்.

யா அல்லாஹ்! நரம்பு வலியால் வாடும் எங்கள் சகோதர சகோதரிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! மருத்துவர்களின் கைகளில் பரக்கத் செய்வாயாக! எங்கள் உள்ளங்கள் மரத்துப்போகாமல் பாதுகாப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.