எந்த நூலைச் சாட்சியாக ஏற்பது?





வஹீயின் தொடக்கமே ஓதச் சொல்லும் கட்டளைதான் என்பது மதரஸா செல்லும் சிறு பிள்ளைக்கும் தெரியும். அதை முன்வைத்து, படியுங்கள் படியுங்கள் என்று மிம்பர்களில் நிறையப் பேசிவிட்டோம். எதைப் படிப்பது என்று பேசியது குறைவு. பயன் தராத கல்வியை விட்டு நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள் (முஸ்லிம்). கதைப் புத்தகங்கள் ஒருபுறம் இருக்கட்டும். வரலாறு, சட்டம், பண்பாடு என்று, ‘இது உண்மை’ எனச் சொல்லிக்கொண்டு வரும் நூல்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இதை நான் சாட்சியம் சம்பந்தப்பட்ட விஷயமாகவே பார்க்கிறேன். படித்ததை நாம் நம்மோடு வைத்துக்கொள்வதில்லையே! டீக்கடையில், வாட்ஸ்அப் குழுவில், பிள்ளைகளிடம் சொல்கிறோம். கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்தில் ஹதீஸ் இருக்கிறது. படித்ததையெல்லாம் எடுத்துச் சொல்பவருக்கும் அது பொருந்தும்.

ஔரங்கசீப்பைப் பற்றி ஒரு நூல் வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவரைக் கொடுங்கோலராக மட்டும் காட்டும் நூல்கள் ஒரு பக்கம். தொப்பி தைத்து வாழ்ந்த மகான் என்று மட்டும் சொல்லும் நூல்கள் மறுபக்கம். நம் கை தானாகவே இரண்டாவதை எடுக்கும். அவர் சில கோயில்களுக்கு மானியம் கொடுத்தார்; வேறு சில கோயில்களை இடிக்க உத்தரவிட்டார். 1675இல் சீக்கியர்களின் குரு தேக் பகதூர் அவருடைய ஆட்சியில் டெல்லியில் கொல்லப்பட்டார். 1679இல் ஜிஸ்யாவை அவர் மீண்டும் விதித்தார். இவற்றில் தனக்குப் பிடித்ததை மட்டும் சொல்லும் நூல், யார் எழுதியதானாலும், சாட்சியத்தை மறைக்கிறது. நமக்கே எதிராக இருந்தாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தின் கட்டளை. 300 ஆண்டுகளுக்கு முன் மவ்த்தாகிவிட்ட ஒரு மன்னர் நமக்குப் பெற்றோரை விட நெருக்கமானவரா என்ன?

நம்மைத் தூற்றும் நூல்கள் குவிகிற காலத்தில் ஆறுதல் தரும் நூல் வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஆறுதலோடு கல்லூரிக்குப் போகும் மகன், மறைக்கப்பட்ட பாதியை வேறு யாரோ சொல்லி முதன்முதலாகக் கேட்பான். அப்போது அந்த மன்னரை மட்டும் சந்தேகிக்க மாட்டான். நூலை வாங்கிக் கொடுத்த அத்தாவையும் சந்தேகிப்பான். சில வேளை அத்தா சொல்லிக் கொடுத்த தீனையும்.

நம் முன்னோர் இதில் கறாராக இருந்தார்கள். இமாம் தபரி (ரஹ்) தமது வரலாற்று நூலின் முன்னுரையிலேயே, தாம் தருவது அறிவிப்பாளர்கள் சொன்னது, ஏற்க முடியாதது இருந்தால் அது அவர்களிடமிருந்து வந்தது என்று எச்சரித்துவிடுகிறார். ஆகவே ‘தபரியில் இருக்கிறது’ என்பதை மட்டுமே ஆதாரமாகக் காட்டும் நூலை நான் உடனே கீழே வைத்துவிடுவேன். இப்னு கல்தூன் (ரஹ்) இன்னும் ஒரு படி மேலே போனார். மூஸா (அலை) அவர்களின் படையில் 6 லட்சம் பேர் இருந்தார்கள் என்று மஸ்ஊதி போன்றோர் எழுதியதை எடுத்துக்கொண்டு, அத்தனை பேர் அணிவகுத்துப் போரிட அந்த நிலத்தில் இடம் ஏது என்று கேட்டார். சொன்னவர் யார் என்பதோடு, சொன்னது நடக்கக்கூடியதா என்றும் பார்க்க வேண்டும் என்பது அவர் காட்டிய வழி.

சட்ட நூல் என்றால் வேலை சுலபம். அச்சான ஆண்டைப் பாருங்கள். ஒரே நேரத்தில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் வந்த சட்டம் அதை 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதற்கு முன் அச்சான நூலை நம்பி ஜமாஅத்தில் ஆலோசனை சொன்னால் ஒரு குடும்பம் சிக்கலில் மாட்டும். ஃபிக்ஹ் நூலாக இருந்தால் எந்த மத்ஹப் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அஸர் நேரம் தொடங்குவதிலேயே ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறதல்லவா?

பிறருடைய சமயம், பண்பாடு பற்றிய நூல்களில்தான் நாம் மிகவும் அலட்சியமாக இருக்கிறோம். அல்பிரூனி (ரஹ்) சுமார் 1030இல் இந்தியாவைப் பற்றி எழுதினார். அதற்காகச் சமஸ்கிருதம் கற்றார்; பண்டிதர்களிடம் கேட்டார்; அவர்களுடைய நூல்களிலிருந்தே எடுத்துக் காட்டினார். மறுப்பு எழுதுவது தம் நோக்கமல்ல என்றும் சொல்லிவிட்டார். அரபியில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாதவர் இஸ்லாத்தைப் பற்றி எழுதினால் நாம் கொதிக்கிறோம். இந்துக்களைப் பற்றியும் கிறிஸ்தவர்களைப் பற்றியும் நம் வீட்டு அலமாரியில் இருக்கும் நூல்களை எழுதியவர்கள், அவர்களில் ஒருவரிடமாவது கேட்டுவிட்டு எழுதினார்களா? தொழுது முடித்து வீட்டுக்குப் போனதும் ஒன்றை எடுத்துப் பாருங்கள்.