எதற்காகக் காத்திருக்கிறோம்?

ஜெர்மனியில் பெர்லின் நகரத்துக் கம்பெனி ஒன்று குழந்தைகளுக்கென்றே ஓர் இதயப் பம்பு செய்திருக்கிறது. உடலுக்கு வெளியே இருந்துகொண்டு, காற்றழுத்தத்தால் ரத்தத்தைத் தள்ளும் கருவி. இருப்பதில் மிகச் சிறியது 10 மில்லி லிட்டர்தான் கொள்ளும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 48 குழந்தைகளுக்கு இதைப் பொருத்திச் சோதித்தார்கள். அவர்களில் 14 பேருக்குப் பக்கவாதம் கண்டது. ஆனாலும் பெரும்பாலோர் மாற்று இதயம் கிடைக்கும்வரை உயிரோடிருந்தார்கள். 2011-ல் அமெரிக்க அரசு அனுமதியும் தந்துவிட்டது.

அந்த 'வரை' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. சின்னஞ்சிறு மார்புக்குள் பெரியவர்களின் இதயம் அடங்காது. இன்னொரு குழந்தையின் இதயம்தான் வேண்டும். அப்படியானால், காத்திருக்கும் தாயின் பிரார்த்தனை வேறொரு தாய்க்குச் சாபமாகாதா?

ஆகாது என்பேன். சாவை அவள் அழைக்கவில்லை. எங்கோ வந்துவிட்ட சாவு வீணாகிவிடக் கூடாது என்றுதான் வேண்டுகிறாள். ஆனால் வேண்டத்தான் அவளுக்கு உரிமை உண்டு, பெற உரிமையில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் 'மாட்டேன்' என்றால், அவளைக் கல்நெஞ்சக்காரி என்று ஏச நமக்கு என்ன நியாயம் இருக்கிறது? மறுக்க முடியாமல் கொடுப்பது வரி. மறுக்க முடிந்தும் கொடுப்பதுதான் தானம். அந்தத் தானத்துக்காகக் காத்திருக்கிறோம் என்ற நினைவு இருக்குமட்டும், காத்திருப்பதில் பாவம் இல்லை.