கறளும் தழும்பும்



கடல் சூழ்ந்த நம் தீவகத்தில் இரும்புக்கு ஆயுள் குறைவு. உப்புக் காற்று அதைச் சும்மா விடுவதில்லை. ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ ஒரு பழைய லொறியை, அல்லது ஒரு மொறிஸ் மைனர் காரை வைத்திருப்பவருக்கு இது நன்கு தெரியும். சில்லின் நடுவே உள்ள தகட்டு மூடியைப் பாருங்கள். 'வீல் கப்' என்று நாம் சொல்வது அதைத்தான். அது இல்லாமலும் வண்டி ஓடும். ஆயினும் பழைய வண்டியைப் புதுப்பிக்க முனைபவர் அதையும் கழற்றிப் பூச்சுப் பூசவே விரும்புகிறார். இது வெறும் அலங்கார ஆசைதானா?

வேலை நடக்கும் விதத்தில் விடை இருக்கிறது. கப்பைக் கழுவிக் காயவிட்டு, கம்பி பிரஷாலும் சான்ட் பேப்பராலும் வெறுந்தகடு தெரியுமட்டும் கறளைச் சுரண்ட வேண்டும். தாமதியாமல் பிரைமர் பூச வேண்டும். அது காய்ந்தபின் மெல்லியதாக இரண்டு மூன்று தடவை நிறம் பூச வேண்டும். சுரண்டுவதே பெரிய வேலை. பூசுவது சிறிய வேலை. அவசரக்காரரோ கறளின் மேலேயே பூசிவிடுகிறார். சில நாள் பளபளக்கும். உள்ளே ஈரமும் உப்பும் தம் வேலையைத் தொடரும். பூச்சு உரியும்போது தகடு ஓட்டையாகியிருக்கும். அத்தகைய வண்டியை விற்பவர் வாய்திறந்து பொய் சொல்லவில்லை என்பது உண்மையே. ஆனால் அவர் பூசிய பூச்சு பொய் சொல்லிவிட்டது.

அப்படியானால் கப்பில் உள்ள பழைய நெளிவுகளை என்ன செய்வது? 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் குடாநாட்டில் பெற்றோலும் உதிரிப் பாகங்களும் அரிதாயின. ஒஸ்ரினும் மொறிஸும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடின. அக்காலத்தில் விழுந்த நெளிவை மறைக்கத்தான் வேண்டுமா? கறள் வேறு, தழும்பு வேறு. கறள் இன்றும் தின்றுகொண்டிருப்பது. தழும்பு ஆறிப்போனது. முன்னதை அகற்றாமல் விடுவது தவறு. பின்னதை வைத்திருப்பதும் நிமிர்த்துவதும் உரியவரின் விருப்பம். வைத்திருப்பதில் வெட்கமில்லை.

குடும்பங்களிலும் இப்படித்தான். 2009இல் போர் முடிந்தபின் ஊர் திரும்பிய உறவுகளிடையே வேலி எல்லையும் காணிப் பங்கும் எத்தனை மனத்தாங்கல்களை எழுப்பின! "பழசை மறப்போம்" என்று கைகுலுக்கி, ஒரு நல்லநாளில் ஒன்றாக உண்டு எழுந்துவிட்டால் சமாதானமாகிவிடுமா? எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமலும், கணக்கைத் திறந்து பேசாமலும் காட்டும் புன்னகை கறளின் மேல் பூசிய நிறமே. முதலில் சுரண்டுவோம். அது நோகும். அதன்பின் மிஞ்சும் தழும்புகளைப் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டியதில்லை.

நம் வீட்டில் இன்னும் சுரண்டப்படாமல் இருக்கும் கறள் எது என்பதை ஒவ்வொருவரும் சிந்தித்துப் பார்ப்போமாக.