தனிமை சுயநலமா?

உலகம் துன்பத்தில் தவிக்கும்போது ஒருவன் குகையில் அமர்ந்து தியானம் செய்வது சுயநலம் அல்லவா? ஆன்மிக வாழ்வை நாடும் இளைஞர்களிடம் பெற்றோரும் நண்பர்களும் அடிக்கடி எழுப்பும் வினா இது. அதனை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. துறவியும் இந்த வினாவைத் தனக்குள் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவனே.

இவ்வினாவுக்கு விடை தேடுவோருக்கு இத்தாலியில் உள்ள ஒரு சிற்றூர் துணைசெய்கிறது. ரோம் நகருக்குக் கிழக்கே சுமார் 70 கி.மீ. தொலைவில், அனியெனே நதி பாயும் மலைப்பள்ளத்தாக்கில் அமைந்துள்ள சுபியாகோ என்னும் ஊர் அது. ஊரிலிருந்து மடாலயங்களை நோக்கி மலைப்பாதையில் செல்பவர் முதலில் பேரரசன் நீரோவின் மாளிகைச் சிதைவுகளைக் காண்கிறார். இன்னும் மேலே சென்றால், செங்குத்தான பாறையோடு ஒட்டிக் கட்டப்பட்ட ஆலயத்தினுள் புனித பெனடிக்ட் தவம் செய்த குகையைத் தரிசிக்கிறார்.

ஒரே பள்ளத்தாக்கு, இருவகைத் தனிமை

நீரோவும் ரோமாபுரியின் ஆரவாரத்தை விட்டு விலகியே இங்கு வந்தான். நதியை அணைகளால் மறித்து ஏரிகளை உருவாக்கி, அவற்றின் கரையில் மாளிகை எழுப்பினான். 'ஏரிகளின் கீழே' என்ற பொருளுடைய லத்தீன் பெயரே சுபியாகோ என மருவியது. கி.பி. 60-இல் அவன் இங்கு விருந்துண்டபோது உணவு மேசையை இடி தாக்கியதாக வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியுள்ளார். எஞ்சியிருந்த அணையும் 1305-ஆம் ஆண்டு உடைந்துபோயிற்று. நீரோ ரோமாபுரியை விட்டு வந்தான். ஆனால் ரோமாபுரியின் போகங்கள் அனைத்தையும் உடன் எடுத்து வந்தான்.

ஏறத்தாழ கி.பி. 480-இல் நூர்சியாவில் பிறந்த பெனடிக்ட், கல்வி கற்க ரோம் சென்றார். மேற்கு ரோமானியப் பேரரசு 476-லேயே வீழ்ந்திருந்தது. உடன் பயின்றோரின் ஒழுக்கக்கேட்டைக் கண்டு மனம் வெதும்பிய அவர், படிப்பைத் துறந்து இப்பள்ளத்தாக்கின் குகையொன்றில் மூன்று ஆண்டுகள் தனித்து வாழ்ந்தார்.

குகைக்குள் புகுந்ததும் உலகம் மறைந்துவிட்டதா? இல்லை. முன்பு கண்ட ஒரு பெண்ணின் நினைவு அவரை வாட்டியது. தவத்தையே கைவிட்டுவிடலாமா என்னும் அளவுக்கு அவர் தடுமாறினார். முடிவில் முட்புதரில் விழுந்து புரண்டு அச்சபலத்தை வென்றார் என்று அவரது வரலாற்றை எழுதிய போப் முதலாம் கிரகோரி கூறுகிறார். கர்மேந்திரியங்களை அடக்கிக்கொண்டு மனத்தால் விஷயங்களையே நினைத்திருப்பவன் பொய்யொழுக்கம் உடையவன் என்று கீதை மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் எச்சரிக்கிறார். இடமாற்றம் மட்டுமே தனிமை ஆகிவிடாது. ஒருவன் தன் ஆசைக்கு உணவிடத் தனிமையை நாடுகிறான். மற்றொருவன் அந்த ஆசையை நேருக்கு நேர் சந்திக்கத் தனிமையை நாடுகிறான். முதலாவது போகம், இரண்டாவதே தவம்.

கயிற்றில் இறங்கிய உணவு

அந்த மூன்று ஆண்டுகளும் பெனடிக்ட் எதை உண்டு வாழ்ந்தார்? அருகிலிருந்த மடத்தைச் சேர்ந்த ரோமானஸ் என்னும் துறவி, தமக்குக் கிடைத்த ரொட்டியில் ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பார். குறித்த நாட்களில் அதனைக் கயிற்றில் கட்டி, பாறையின் மேலிருந்து கீழே இறக்குவார். கயிற்றில் கட்டப்பட்ட சிறு மணியின் ஓசை கேட்டு பெனடிக்ட் வெளியே வந்து உணவைப் பெறுவார்.

இந்தக் கயிற்றை நாம் சிந்திக்க வேண்டும். மனிதர்களை விட்டு முற்றிலும் விலகியதாகத் தோன்றும் தவமும் இன்னொரு மனிதனின் தியாகத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ரோமானஸின் வயிற்றில் குறைந்ததே பெனடிக்டின் வயிற்றில் நிறைந்தது. ஆகவே தனிமை என்பது உரிமை அன்று. அது ஒரு கடன்.

கடன் தீர்த்த விதம்

பெனடிக்ட் அக்கடனைத் தீர்த்தார். முதலில் ஆட்டிடையர்கள் அவரைக் கண்டனர். தோலாடை அணிந்து புதரிடையே தோன்றிய அவரை விலங்கு என்றே எண்ணியவர்கள், பின்னர் அவரது உபதேசத்தால் நல்வழி பெற்றனர். அதன்பின் ஒரு மடத்துத் துறவியர் அவரைத் தலைவராக அழைத்தனர். அவரது கண்டிப்பைத் தாங்க இயலாமல் திராட்சை ரசத்தில் நஞ்சு கலந்தனர். அவர் வெறுப்பின்றி விடைபெற்றுத் தமது தனிமைக்கே திரும்பினார். மூன்று ஆண்டுத் தவம் அவருக்கு அளித்த வலிமை அங்கே வெளிப்பட்டது.

பின்னர் அப்பகுதியில் பன்னிரண்டு மடங்களை நிறுவினார். அவற்றுள் புனித ஸ்கொலாஸ்டிகா மடம் இன்றும் உள்ளது. இத்தாலியின் மிகப் பழைய அச்சகங்களுள் ஒன்று 1465-இல் சுபியாகோவில் நூல் அச்சிட்டது.

பிற்காலத்தில் மான்டே கசினோவில் வாழ்ந்தபோது, 73 அத்தியாயங்கள் கொண்ட துறவற விதிநூலை அவர் இயற்றினார். குகையில் தொடங்கியவர் அதில் கூறுவது வியப்புக்குரியது. பலருடன் மடத்தில் வாழ்ந்து நெடுநாள் பயிற்சி பெற்றவர்களே தனித்த தவத்திற்குத் தகுதியுடையோர் என்கிறார். சமையலறைத் தொண்டை அனைவரும் முறைவைத்துச் செய்ய வேண்டும். நோயோ முக்கியப் பணியோ இன்றி எவருக்கும் அதிலிருந்து விலக்கில்லை. வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும். ஜீவனைச் சிவனாகக் கண்டு சேவிக்கும் நெறியில் நிற்கும் நமக்கு இக்கருத்து அந்நியமானதன்று.

நமது குகை

பாலை அப்படியே நீரில் விட்டால் கலந்துவிடும். தனியே உறையவைத்து, கடைந்து வெண்ணெயாக்கினால் நீரில் மிதக்கும் என்பது ஸ்ரீராமகிருஷ்ணர் காட்டிய உவமை. இல்லறத்தாருக்கும் அவ்வப்போது ஏகாந்தவாசம் தேவை என அவர் வலியுறுத்தினார். அதே குருதேவர், எப்போதும் சமாதியிலேயே மூழ்கியிருக்க விரும்பிய நரேந்திரரைக் கடிந்துகொண்டார். இவ்விரண்டும் முரண் அல்ல. வெண்ணெய் கடையத் தனிமை வேண்டும். கடைந்த வெண்ணெயோ பிறருக்கு உரியது.

எனவே தனிமையைச் சுயநலம் என்று ஒட்டுமொத்தமாகப் பழிப்பதும் தவறு. அதன் பெயரால் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதும் தவறு. அத்தனிமையிலிருந்து நாம் எத்தகையவராக எழுந்து வருகிறோம் என்பதே உரைகல்.

குகைக்குச் செல்ல இயலாத நமக்கும் இது பொருந்தும். அதிகாலையில் நாம் அரை மணி நேரம் கண்மூடி அமர்கிறோம். அந்நேரத்தில் சமையலறையில் தாயோ, மனைவியோ, பணிப்பெண்ணோ நமக்காக உழைத்துக்கொண்டிருக்கிறார். நமது கயிற்றின் மேல்முனையைப் பிடித்திருப்பவர் அவரே. தியானத்திலிருந்து எழுந்ததும், பாத்திரத்தின் ஓசை நம் அமைதியைக் கெடுத்தது என்று அவரைச் சினந்துகொண்டால், நாம் அமர்ந்திருந்தது பெனடிக்டின் குகையில் அன்று, நீரோவின் ஏரிக்கரையில்தான். எழுந்தவுடன் அவரது சுமையில் ஒரு பங்கை ஏற்றால், அந்த அரை மணி நேரம் இறைவனுக்கே உரியதாகும். இதனை நாள்தோறும் நம்மையே கேட்டுப் பார்ப்போமாக.