பெயர் மாற்றம்

இறந்தவர் எதையும் விற்பதில்லை. அவர் குடும்பத்தாரிடமிருந்து நான் அவருடைய ஜீப்பை வாங்கினேன். போடிமெட்டுச் சாலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஏறி இறங்கிய வண்டி. வில்லிஸ் 1953-ல் கொண்டுவந்த சிஜே-3பி, மஹீந்திரா இங்கே செய்தது. இன்லெட் வால்வு தலையிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலுமாக அமைந்த உயரமான எஞ்சின். அதற்காகவே பானெட்டும் உயர்ந்தது.

சட்டத்துக்குச் சிக்கலில்லை. 1989-ம் வருஷத்து மோட்டார் வாகன விதிகளின்படி வாரிசு பெயருக்கு 31-ம் படிவம், பிறகு என் பெயருக்கு 29, 30. ஆனால் சாவியைத் தரும்போது அந்த அம்மாள், "இறக்கத்துல ரெண்டாவது கியர் நழுவும், அவர் கையால பிடிச்சுக்குவார்" என்றார். இது எந்தப் படிவத்திலும் இல்லை, விலையிலும் சேரவில்லை.

கிளட்ச் மிதியில் அவர் பற்றவைத்த தகடொன்று இருக்கிறது. ஒரிஜினலாக மாற்றிவிடு என்கிறார்கள் நண்பர்கள். ஒரிஜினல் என்பது தொழிற்சாலையில் கழிந்த சில நாட்கள். அவர் ஓட்டியதோ நாற்பது வருஷம். தகட்டைப் பிடுங்கினால் அந்த நாற்பது வருஷம் பொய்யாகிவிடும். அப்படியே வைத்துத் தொழுவதும் பொய்தான். ஞாபகத்துக்காக அவர் எதையும் வைத்துக்கொண்டதில்லை, தேவைக்காக மாற்றினார். ஆகவே தேவை வந்தால் அதைக் கழற்றுவதே அவருக்குச் செய்யும் விசுவாசம். வராதவரை அதைத் தொட எனக்கு உரிமையில்லை. நான் பணம் கொடுத்து வாங்கிய உரிமை இவ்வளவுதான்.