மேடைக்கு முன்னே ஒரு குளிர்காலம்



நம் திருவண்ணாமலையில் தீபக் கூட்டம் கலைந்து மார்கழிப் பனி இறங்கியதும், அதிகாலை ஜெபத்துக்கு வருகிறவர்கள் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். நமக்கு இதுவே பெரிய குளிர். நீலகிரியிலோ இந்நாட்களில் உறைபனி விழுகிறது. தலைகுந்தா போன்ற இடங்களில் குளிர் 0 டிகிரியைத் தொடும்.

மே மாதம் கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கிறது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கிறது. அந்தப் பூங்கா 1848-ல் தொடங்கப்பட்டது. அங்கே முதல் மலர்க் கண்காட்சி 1896-ல் நடந்தது. மே மாதத்தில் ஜனங்கள் பார்த்து ஆச்சரியப்படும் செடிகளுக்கான வேலை இந்தக் குளிரிலேயே தொடங்கிவிடுகிறது. நாற்றுகளைப் பனி கருக்கிப் போடாதபடி கோத்தகிரி மிலார் என்னும் செடியின் கிளைகளால் மூடி வைக்கிறார்கள். விடியற்காலையில் தண்ணீர் தெளித்து, இலைமேல் படிந்த உறைபனியைக் கரைக்கிறார்கள். இங்கிலாந்தில் கண்காட்சிக்குப் பெரிய வெங்காயம் வளர்க்கிறவர்கள், கிறிஸ்துமஸுக்கு மறுநாளே விதைப்பது பழைய வழக்கம். அடுத்த கோடைவரை அதற்குக் காவல் இருக்கிறார்கள்.

இதைச் சொன்னபோது வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார்கள்: "பாஸ்டர், மத்தவங்க பாக்கணும்னே ஒரு காரியத்த செய்றது தப்பில்லையா?" நல்ல கேள்வி. மனுஷர் காணும்படி தர்மம் செய்யாதே என்றவரும் இயேசுதான் (மத்தேயு 6:1). உங்கள் நற்கிரியைகளை மனுஷர் கண்டு பிதாவை மகிமைப்படுத்தட்டும் என்றவரும் அவரே (மத்தேயு 5:16). இரண்டும் ஒரே மலைப்பிரசங்கம். அப்படியானால் எதைச் செய்வது?

பார்க்கப்படுவதே பாவம் என்று சொல்லிவிட முடியாது. விவசாயம் பார்க்கும் ஒரு மூப்பர் அங்கேயே சொன்னார்: "கண்காட்சி இல்லேன்னா யாருங்க இவ்ளோ பாடுபடுவா? நல்ல காயைப் பாத்தாத்தான் நமக்கும் ஆசை வரும்." உண்மைதான். அப்போஸ்தலனாகிய பவுலும் பந்தயத்தில் ஓடுகிறவனைக் கடிந்துகொள்ளவில்லை. அழிந்துபோகிற கிரீடத்துக்கே அவன் இவ்வளவு இச்சையடக்கமாயிருந்தால் நாம் எப்படி இருக்கவேண்டும் என்றுதான் கேட்கிறார் (1 கொரிந்தியர் 9:24,25).

ஆனாலும் ஒரு காரியத்தைக் கவனியுங்கள். கேரட்டும் முட்டைக்கோஸும் குளிர் பட்டால், பனியைத் தாங்குவதற்காகத் தங்களுக்குள் சர்க்கரையைக் கூட்டிக்கொள்கின்றன. அதனால்தான் குளிர்காலக் கேரட் அவ்வளவு இனிப்பு. அந்த இனிப்பை மேடையில் வைத்துக் காட்ட முடியாது. நடுவருக்கு நீளமும் நிறமும்தான் தெரியும். தின்கிறவனுக்குத்தான் ருசி தெரியும். கண்காட்சி எதை அளக்கும், எதை அளக்காது என்பது இங்கே விளங்குகிறது. ஆண்டவர் பசியோடு அத்திமரத்தண்டை வந்தார். தூரத்திலிருந்து பார்க்க இலை நிறைய இருந்தது. கிட்டப் போனால் கனி இல்லை (மாற்கு 11:13). அங்கே குற்றம் இலை தெரிந்ததல்ல, பசித்தவனுக்கு ஒன்றும் இல்லாததே.

ஆகவே, "யாராவது பார்த்தார்களா?" என்று கேட்பதைவிட, "பார்த்தவன் பசி தீர்ந்து பிதாவைத் துதித்தானா, அல்லது என்னைப் புகழ்ந்துவிட்டுப் பசியோடே போனானா?" என்று கேளுங்கள். இரண்டு வசனங்களுக்கும் நடுவே உள்ள கோடு அதுதான்.

தேவ ஜனமே, இது நம் சபைகளைத் தொடுகிற காரியம். வேறொரு ஊரில் ஒரு சகோதரன் குடியை விட்டு மூன்றே வாரம் ஆகியிருந்தது. கன்வென்ஷன் மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைத்தார்கள். நோட்டீஸில் போட்டோவும் வந்தது. அடுத்த மாதம் அவன் மறுபடியும் விழுந்துபோனான். விழுந்தவன் எழுந்திருக்கலாம், ஆனால் ஊருக்கே முகம் தெரிந்துவிட்டதே என்ற வெட்கத்தில் அவன் சபைக்குள் வரவே இல்லை. டிசம்பர் மாத நாற்றை எடுத்து மே மாத மேடையில் வைத்தால் என்ன ஆகும்? நூதன சீஷனைக் குறித்து வேதம் எச்சரிப்பது (1 தீமோத்தேயு 3:6) கண்காணிகளுக்குச் சொன்னதுதான். ஆனாலும் அதிலுள்ள ஞானம் இதற்கும் பொருந்தும். தன் கனியைத் தானே காட்டினால் பெருமை என்று நமக்குத் தெரியும். பிறனுடைய கனியை நம் ஊழியத்தின் பேருக்காகக் காட்டுவதும் பெருமைதான். அதில் நஷ்டப்படுகிறவன் அவன்.

அப்படியானால் சாட்சியே வேண்டாமா? வேண்டும். ஆனால் இளஞ்செடிக்கு முதலில் தேவை மேடை அல்ல, மிலார். ராத்திரி 9 மணிக்கு அவன் கால் கடை வாசலில் தயங்கும்போது, போய்க் கையைப் பிடிக்க ஒரு அண்ணன் வேண்டும். அவன் மனைவியின் கண்ணீரைக் கேட்க ஒரு அக்கா வேண்டும். இதற்கு நோட்டீஸ் அடிக்க மாட்டார்கள், யாரும் கைதட்டவும் மாட்டார்கள். அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா பார்க்கிறார். அது போதும்.

இந்தக் குளிர்காலத்தில் உங்கள் தெருவில் மூடிக் காக்கவேண்டிய நாற்று யார்? ஜெபத்தோடே யோசியுங்கள். கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென். அல்லேலூயா!