தராசைப் பிடித்தவர்

ஒன்றன்பின் ஒன்றாக ஓடிய கட்டுப்பாட்டு மென்பொருளை நிகழ்நேர இயங்குதளத்துக்கு மாற்றும்போது பலரும் வேகத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஆனால் காலை வாருவது, எந்தப் பணி முதலில் ஓட வேண்டும் என்ற முன்னுரிமை.

செஞ்சி விற்பனைக்கூடத்தில் ஒரே தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். வல்லத்திலிருந்து இரண்டு மூட்டை மல்லாட்டையோடு வந்தவர் அதைப் பிடித்துவிட்டார். பின்னால் அவசர லாரி. அதற்குள், தராசே தேவைப்படாத நடுத்தர வியாபாரி ஒருவர் தராசைப் பிடித்தவரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். லாரி நகருமா?

1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தில் நடந்ததும் இதுவே. தராசைப் போல ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டை, முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி பிடித்திருக்க, தரவுப்பாதையைக் கவனிக்கும் உயர் முன்னுரிமைப் பணி காத்துக் கிடந்தது. நடுத்தர முன்னுரிமைப் பணி குறுக்கே புகுந்தது. கெடு தவறியதால் கணினி தன்னைத்தானே திரும்பத் திரும்ப மறுதொடக்கம் செய்தது.

மருந்து ஏற்கெனவே தயாராக இருந்தது. பூட்டை வைத்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுத்துவிடுவது. இதை 1990-ல் ஆய்வுக் கட்டுரையாக விளக்கிய மூவரில் ஒருவர், 1984-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொறியியல் பட்டம் பெற்று கார்னகி மெலனுக்குப் போன ரகுநாதன் ராஜ்குமார். (நம் ஊர் பொறியியல் மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியுமோ!)

பாத்ஃபைண்டரின் விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்திலும் இந்த வசதி இருந்தது. ஆனால் அந்தப் பூட்டில் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பொறியாளர்கள் பூமியிலிருந்த நகல் கருவியில் கோளாறை வரவழைத்துப் பார்த்து, செவ்வாய்க்குத் திருத்தம் அனுப்பினார்கள். மறுதொடக்கம் நின்றது.